ஆள்காட்டி முதலிடம், பருந்து மூன்றாமிடம்: இந்தப் பறவை மோதல் பட்டியலை நம்பலாமா?

#1 நெடும்புல்

வணக்கம். ஒற்றை ஓடுபாதை உள்ள நடுத்தர விமான நிலையம் ஒன்றுக்குப் பறவை மோதல் அபாய மதிப்பீடு தயாராகிறது. இடம் தமிழகக் கடலோரச் சமவெளி. வடக்கே ஏரி, ஏழு கிலோமீட்டரில் குப்பைமேடு, வெளிவேலியை ஒட்டிய சாலையில் கோழிக்கடைகள். ஐந்தாண்டுப் பதிவேட்டை எண்ணிக்கைப்படி அடுக்கினால், ‘இனம் தெரியாதது’ என்ற வரியை விட்டுவிட்டு, ஆள்காட்டி முதலில் வருகிறது, பிறகு மாடப்புறா, அதற்கப்புறம்தான் கள்ளப்பருந்து. இதே வரிசையில் பணத்தைப் போடலாம், கூடுதலாக இரண்டு ஜோன் கன் (எரிவாயுவில் வெடிச்சத்தம் எழுப்பிப் பறவையை விரட்டும் கருவி) வாங்கலாம் என்பது மேலிடத்து எண்ணம்.

வரிசை சரியா? ஜோன் கன் வாங்குவது சரியா? புல்லை எந்த உயரத்தில் வைப்பது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 ஆலா

வரிசை தவறு. எத்தனை முறை மோதியது என்பது கணக்கில் பாதிதான். மோதினால் என்ன ஆகும் என்பது மறுபாதி. அந்தப் பாதி உங்கள் பட்டியலில் இல்லை.

ஆள்காட்டி ஏறக்குறைய 180 கிராம், கள்ளப்பருந்து 800 கிராம் என்று வையுங்கள். 150 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 77 மீட்டரில், ஆள்காட்டியின் மோதல் ஆற்றல் 540 ஜூல் அளவு. பருந்து 2,400 ஜூல். அதே பருந்தை 250 நாட்டில் சந்தித்தால் 6,600 ஜூல். எடை கூடினால் ஆற்றல் அதே விகிதத்தில் கூடும், வேகம் கூடினால் அதன் வர்க்கமாகக் கூடும். ஆள்காட்டி பெரும்பாலும் ஓடுபாதை மட்டத்தில்தான் அடிபடுகிறது. பருந்து அணுகுபாதையிலும் ஏறுபாதையிலும், வேகம் கூடிய இடத்தில், அடிபடுகிறது.

மதிப்பீட்டுக்கு நல்ல எலும்புக்கூடு பிரிட்டனின் ஜான் ஆலன் 2006-ல் வெளியிட்ட முறை. ஒவ்வோர் இனத்துக்கும் இரண்டே எண்கள். முதலாவது, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு எத்தனை மோதல். 10-க்கு மேல் போனால் மிக அதிகம், 3 முதல் 10 அதிகம், 1 முதல் 2.9 நடுத்தரம், 0.3 முதல் 0.9 குறைவு, அதற்கும் கீழே மிகக் குறைவு. இரண்டாவது, அந்த இனம் மோதியதில் எத்தனை சதவீதம் விமானத்துக்குச் சேதம் விளைவித்தது. 20-க்கு மேல் மிகக் கடுமை, 10 முதல் 20 கடுமை, 6 முதல் 9.9 நடுத்தரம், 2 முதல் 5.9 லேசு, அதற்குக் கீழ் மிக லேசு. இரண்டையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் போட்டால் எந்த இனத்துக்கு உடனே கை வைக்க வேண்டும், எதற்கு மாற்று வழி யோசிக்கலாம், எதை இருக்கிறபடி விடலாம் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது எண்ணை உங்கள் ஒரு நிலையத்துப் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். ஐந்தாறு மோதலில் சதவீதம் போட்டால் அது சீட்டுக் குலுக்கல்தான். நாடு தழுவிய தரவு வேண்டும். இனவாரியாகக் கிடைக்காவிட்டால் எடைப்பிரிவை வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தைக் கணிக்க உடல் எடையைப் போல உதவும் குணம் வேறில்லை.

மோதல் எண்ணிக்கையை 10,000 விமான இயக்கத்துக்கு எத்தனை என்றும் மாற்றி எழுதுங்கள். இயக்கம் இரட்டிப்பானால் மோதலும் ஏறத்தான் செய்யும். அதைப் பறவைகள் பெருகியதாக வாசித்துவிடக் கூடாது.

#3 விசிறித்தகடு

ஆலா சொன்னதில் எஞ்சின் பக்கமிருந்து ஒரு திருத்தம். தனிப் பறவையின் எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், கூட்டம் வேறு கணக்கு.

எஞ்சின் சான்றளிப்பு விதியில் பறவைகளைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ‘பெரிய ஒற்றைப் பறவை’ச் சோதனையில் எடை எஞ்சினின் வாய்ப் பரப்பைப் பொறுத்தது: 1.35 சதுர மீட்டருக்குக் கீழே 1.85 கிலோ, 3.9 சதுர மீட்டர் வரை 2.75 கிலோ, அதற்கு மேல் 3.65 கிலோ. இதில் தேறுவது என்றால் எஞ்சின் தொடர்ந்து இழுக்கும் என்று பொருளில்லை. துண்டுகள் உறையைப் பிளந்து வெளியே பாயக் கூடாது, கட்டுப்படாத தீ பிடிக்கக் கூடாது, பத்திரமாக நிறுத்த முடிய வேண்டும், அவ்வளவுதான். ‘நடுத்தரக் கூட்டப் பறவை’ச் சோதனையில்தான், எஞ்சின் அளவுக்கேற்ற எண்ணிக்கையில் பறவைகளை விழுங்கிய பிறகும் 75 சதவீத உந்துவிசை மிஞ்ச வேண்டும் என்று கேட்கிறார்கள். “எஞ்சின் பறவைக்கெல்லாம் சான்று பெற்றதுதானே” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை எடுத்து வையுங்கள்.

2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கில் ஏர்பஸ் ஏ320 சுமார் 2,800 அடியில் கனடா வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்தது. இரண்டு எஞ்சினும் போயின, ஹட்சன் ஆற்றில் இறங்கி 155 பேரும் பிழைத்தார்கள். அந்த வாத்து ஒவ்வொன்றும் அந்த எஞ்சின் சான்று பெற்ற எடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு.

சின்னப் பறவையும் கூட்டமாக வந்தால் விடாது. 1960 அக்டோபர் 4, பாஸ்டன்: லாக்ஹீட் எலெக்ட்ரா மேலெழுந்த கையோடு சூறைக்குருவிக் கூட்டத்தில் சிக்கி 62 பேர் இறந்தார்கள். அந்தக் குருவி ஒன்று 80 கிராம்கூட இருக்காது. 2008 நவம்பரில் ரோம் சாம்பினோவிலும் சூறைக்குருவிகள்தான். தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் கூட்டத்தைப் பார்த்ததும் மறுபடி ஏற முயன்றபோது போயிங் 737-ன் இரண்டு எஞ்சினும் உந்துவிசை இழந்தன. இறங்கும் நிலையில் எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது. மறுபடி ஏறக் கைப்பிடியைத் தள்ளினால் அதே கூட்டத்தை முழு வேகத்தில் உறிஞ்சும். கடைசி நேரத்தில் கூட்டம் குறுக்கே வந்தால், வேறு காரணம் இல்லாதவரை, இறங்கிவிடுவதே நல்லது என்று சொல்வது இதனால்தான்.

#4 ஆலா

ஏற்கிறேன். கூட்டமாகத் திரியும் இனங்களுக்குக் கடுமை எண்ணை ஒரு படி உயர்த்திக் காரணத்தையும் பக்கத்தில் எழுதிவிடலாம். நம் பகுதியில் குளிர்காலத்தில் வரும் சோளக்குருவி, உண்ணிக்கொக்கு, மாடப்புறா, தகைவிலான் எல்லாம் இந்தப் பிரிவு. மாலையில் அடைவிடம் விட்டுப் பறக்கும் பழந்தின்னி வௌவாலை மறந்துவிடாதீர்கள். அது பறவை இல்லைதான், ஆனால் ஒரு கிலோவைத் தாண்டும், கூட்டமாகப் போகும். அடைமரத்துக்கும் பழத்தோட்டத்துக்கும் நடுவே உங்கள் ஓடுபாதை இருந்தால் அந்தியில் இறங்கும் விமானங்கள் தினமும் அந்தக் கூட்டத்தைக் கடக்கும்.

#5 சிறகுமுனை

எல்லாரும் இனவாரிக் கணக்கைப் பேசுகிறீர்கள், பதிவேட்டில் முதல் வரியே ‘இனம் தெரியாதது’. அதைச் சரி செய்யாமல் ஆலன் கட்டத்தை நிரப்புவது வீண்.

இறகை வைத்து இனம் காணும் துறையே 1960 பாஸ்டன் விபத்திலிருந்து வளர்ந்தது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்சி லேபோர்ன் அந்தச் சிதைவுகளைப் பார்த்துச் சூறைக்குருவி என்றார். நம்மிடம் கோவை ஆனைகட்டியில் சலீம் அலி மையம் இருக்கிறது. மாதிரி அனுப்ப வழி இருக்கிறது. எடுக்கும் விதத்தில்தான் கெடுக்கிறார்கள்.

முழு இறகு கிடைத்தால் கத்தரியால் வெட்டாதீர்கள். காம்போடு பிடுங்குங்கள். அடியில் பஞ்சு மாதிரி இருக்கும் பகுதியில்தான் நுண்ணோக்கியில் குடும்பத்தைக் காட்டும் முடிச்சுகள் இருக்கின்றன, வெட்டினால் அது சடலத்தோடு போய்விடும். மார்பு, முதுகு, வால், சிறகு என நாலு இடத்திலிருந்து எடுத்தால் போதும். ரத்தக்கறை மட்டும் இருந்தால் 70 சதவீத ஆல்கஹால் தெளித்து, சுத்தமான காகிதத் துண்டால் துடைத்து, அந்தக் காகிதத்தையே காய வையுங்கள். வெறும் தண்ணீர் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பிளீச்சிங் தண்ணீர் பட்டால் மரபணு சிதைந்துபோகும். காய்ந்த பிறகு காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு அடைத்தால் இரண்டு நாளில் அழுகிவிடும். உறை மேல் தேதி, நேரம், விமானப் பதிவெண், எந்தப் பாகத்தில் எடுத்தது, எந்த ஓடுபாதை முனை, உயரம். டேப் போட்டு இறகை ஒட்டி அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள், பசையிலிருந்து பிரிக்கும்போது அந்த முடிச்செல்லாம் உடைந்துவிடும்.

கையுறை கட்டாயம். பறவைக் காய்ச்சல் காலம் மட்டும் என்றில்லை, எப்போதும்.

#6 விசிறித்தகடு

சிறகு அக்கா சொன்னதோடு ஒன்று. விமானம் கழுவப்படும் முன் மாதிரி எடுத்தாக வேண்டும். இதற்கு லைன் பராமரிப்பு ஆட்கள் கையிலேயே பொட்டலம் இருக்க வேண்டும்: ஆல்கஹால் குப்பி, காகிதத் துண்டு, உறை, கையுறை. அலுவலக அலமாரியில் வைத்தால் இரவு இரண்டு மணிக்கு யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

பரிசோதனையில் மூக்குக்கூம்பு, பிட்டோ குழாய்கள், தாக்குகோண இதழ், சிறகு முன்விளிம்பு, சக்கரப் பகுதியில் பிரேக் குழாய்கள் எல்லாம் வழக்கமாகப் பார்ப்பவை. மூக்குக்கூம்பு வெளியே கீறல் இல்லாமல் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும், தட்டிக் கேட்டால் சத்தம் செத்துப்போயிருக்கும். எஞ்சினில் கறை விசிறித்தகட்டின் வெளிப்பாதியில் மட்டும் இருந்தால் பறவை பெரும்பாலும் வெளிச்சுற்றுக் காற்றோடு போயிருக்கும். விசிறிக்குப் பின்னால் உள்வாய் விளிம்பில் ரத்தமோ இறகோ ஒட்டியிருந்தால், அல்லது கேபினில் கருகிய வாடை வந்ததாகப் பைலட் எழுதியிருந்தால், உள்மையத்துக்குள் (எரிப்பு நடக்கும் பகுதி) போயிருக்கிறது. கேபின் காற்று அங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. போரோஸ்கோப் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) சோதனை இல்லாமல் அந்த விமானத்தை விடக் கூடாது. இந்த விவரத்தை நிலையத்துக்கும் சொல்லுங்கள். ‘சேதம் இல்லை’ என்று முதல் மணி நேரத்தில் எழுதியது, போரோஸ்கோப்புக்குப் பிறகு மாறினால், பதிவேட்டிலும் மாற வேண்டும். பல இடங்களில் மாறுவதே இல்லை. அப்புறம் கடுமைச் சதவீதம் எப்படிச் சரியாக வரும்?

#7 நெடும்புல்

மிக்க நன்றி. இப்போது புல். 15 முதல் 20 சென்டிமீட்டர் என்று பிரிட்டிஷ் வழிகாட்டியில் இருப்பதை அப்படியே எடுத்து ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறார்கள். செய்யலாமா?

#8 வரப்பு

அப்படியே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனில் அந்த உயரம் எதற்காக என்று பாருங்கள். அங்கே தொல்லை தருபவை மண்புழுவும் மண்ணுக்குள் இருக்கும் புழுவும் தின்ன வரும் கூட்டப் பறவைகள். நெடும்புல் அலகை மண்ணுக்குப் போகவிடாது, பக்கத்துப் பறவையையும் மறைத்துவிடும், கூட்டம் பயந்து இறங்காது. குளிர்நாட்டுப் புல் நேராக நிற்கும். அங்கேயே வருடத்துக்கு ஒரு முறை அடிவரை வெட்டிக் காய்ந்த சருகை அள்ளி எடுக்கிறார்கள். அந்த வேலையை யாரும் இங்கே ஒப்பந்தத்தில் எழுதுவதில்லை.

நம் சமவெளியில் என்ன இருக்கிறது? அருகம்புல் பாதி. அது படரும் புல். 20 சென்டிமீட்டர் என்று விட்டால் நிற்காது, ஒன்றன் மேல் ஒன்றாகப் படுத்து மெத்தையாகிவிடும். மெத்தைக்குக் கீழே எலி வளை. எலி வந்தால் இரவில் கூகை, பகலில் பருந்து, கூடவே பாம்பு. மீதிப் பாதியில் மயில்கொண்டைப்புல், ஊசிப்புல். இவை நேராக நிற்கும், ஆனால் கதிர் முற்றினால் சில்லைகளும் புறாவும் விதைக்கு வரும். நீங்கள் உயரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், புல் கதிர் விட்டிருக்கும்.

குட்டையாக வெட்டினாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. ஆள்காட்டிக்குப் பிடித்தது வெட்டவெளியும் சரளையும். வெறும் தரையில் சின்னப் பள்ளம், சுற்றி நாலு கூழாங்கல், அதுதான் கூடு. முட்டை சரளை நிறத்திலேயே புள்ளி போட்டிருக்கும், காலடியில் இருந்தாலும் தெரியாது. ஓடுபாதை ஓரத்தில் ஜல்லி கொட்டிவைத்தால் அதற்குப் படுக்கை விரித்துக் கொடுத்த மாதிரி. நெடும்புல் ஆள்காட்டியைக் குறைக்கும், கூகையைக் கூட்டும். குறும்புல்லில் கூகை குறையும், ஆள்காட்டியும் உண்ணிக்கொக்கும் கூடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஓடுபாதையிலிருந்து தள்ளி, ஒரே மாதிரி மண் உள்ள இடத்தில், 50 மீட்டர் சதுரமாக ஆறு துண்டு. இரண்டு 5 முதல் 8 சென்டிமீட்டர், இரண்டு 10 முதல் 15, இரண்டு 20. ஓர் ஆண்டு முழுக்க வாரம் ஒரு முறை, காலையிலும் மாலையிலும், துண்டு ஒன்றுக்கு 5 நிமிடம் பறவை எண்ணுங்கள். மாதம் ஒரு முறை எலிப்பொறி, வெட்டுக்கிளிக்குத் துணிவலை வீச்சு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் தனித்தனியாக முடிவு எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கான உயரம் அதிலிருந்துதான் வரும்.

வெட்டும் முறையும் முக்கியம். டிராக்டர் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசை கட்டி வருவதை வயலில் பார்த்திருப்பீர்கள், ஓடுபாதை ஓரத்திலும் அதேதான். எழும்பும் வெட்டுக்கிளிக்காக வருகின்றன. விமானம் இல்லாத இடைவெளியில் அல்லது இரவில் வெட்டுங்கள். ஓடுபாதை விளிம்பில் தொடங்கி வெளிப்பக்கமாக நகருங்கள், பூச்சியும் வெளிப்பக்கம் நகரும். வெளியிலிருந்து உள்ளே வந்தால் பூச்சி எல்லாம் ஓடுபாதைக்குத் தள்ளப்படும், பறவையும் பின்னாலேயே வரும். வெட்டிய புல்லை அன்றே அள்ளுங்கள்.

நியூசிலாந்தில் ஒரு வகைப் பூஞ்சை ஏற்றிய புல்லைச் சில விமான நிலையங்களில் விதைக்கிறார்கள், பூச்சியும் குறையும், தின்ற பறவைக்கும் ஒவ்வாது. குளிர்ப் பிரதேசப் புல் அது. இங்கே சித்திரை வெயிலைத் தாங்காது, யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள்.

#9 கூகை

வரப்பு அண்ணே, ஈசலை விட்டுவிட்டீர்கள். கோடை மழை ஒன்று பெய்து வெயில் அடித்தால் போதும், புற்றுக்குப் புற்று ஈசல் கிளம்பும். பருந்து, கரிச்சான், மைனா, தகைவிலான், பஞ்சுருட்டான் எல்லாம் கால் மணி நேரத்தில் அந்த இடத்துக்கு மேலே இருக்கும். வழக்கமான நாள் கணக்கெடுப்பில் இது வரவே வராது, ஆண்டுக்குச் சில நாட்கள்தான், ஆனால் அந்த நாட்களின் அபாயம் வேறு. ஓடுபாதைப் பட்டையில் உள்ள கறையான் புற்றுகளை வரைபடத்தில் குறித்து, பங்குனிக்கு முன்பும் புரட்டாசிக்கு முன்பும் ராணியோடு தோண்டி, பதிவு பெற்ற கறையான் கொல்லி ஊற்றி மூட வேண்டும். மேலே மண்ணைத் தட்டிச் சமன் செய்தால் ஒரு மாதத்தில் பக்கத்திலேயே எழும்பும். மழைக்கு அடுத்த மணி நேரத்தில் ஒரு கூடுதல் ஓடுபாதைச் சுற்றையும் பணி அட்டவணையில் எழுதி வையுங்கள். மண்புழு ஓடுபாதைக்கு ஏறுவதும் அதே நேரம்தான்.

#10 கோபுரக்குரல்

கட்டுப்பாட்டுக் கோபுரப் பக்கமிருந்து இரண்டு விஷயம்.

பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். ஓடுபாதைப் பக்கமிருந்து காற்று அடிக்கிறது, பறவைகள் காற்று போகும் பக்கப் புல்லில் உட்கார்ந்திருக்கின்றன என்றால், வேலிப் பக்கமிருந்து ஜீப் போய் வெடி வைத்தால் கூட்டம் நேராக ஓடுபாதைக்கு மேல்தான் வரும். ஜீப் ஓடுபாதைப் பக்கத்தில் நின்று மெதுவாக வெளியே தள்ள வேண்டும், காற்று பலமாக இருந்தால் விமான இடைவெளி கிடைக்கும்வரை கலைக்கவே கூடாது. 140 நாட்டில் வரும் விமானம் நிமிடத்துக்கு 4.3 கிலோமீட்டர் நெருங்குகிறது. கிளப்பிய கூட்டம் சுற்றிச் சுற்றி அடங்க சில நிமிடம் பிடிக்கும். ஆகவே விமானம் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டால், ஓடுபாதை மேலேயே கூட்டம் இருந்தால் தவிர, கலைப்பு நின்றிருக்க வேண்டும். பேர்ட் சேசர் (பறவை விரட்டும் பணியாளர்) கையில் வாக்கி இல்லாமல் வெடி கொடுப்பது இதனால் ஆபத்து.

இரண்டாவது, எச்சரிக்கை. “நிலையப் பகுதியில் பறவை நடமாட்டம்” என்று நாள் முழுக்க ஒரே வாசகத்தை ஒலிபரப்பினால் பைலட்டுக்கு அது வெறும் பின்னணிச் சத்தம். இனம் அல்லது அளவு, எத்தனை, எந்த முனையிலிருந்து எவ்வளவு தூரம், எந்த உயரம், எந்தத் திசையில் நகர்கிறது: இந்த ஐந்தும் இருந்தால்தான் அவர் ஒரு நிமிடம் தாமதிப்பதா, வேறு முனையைக் கேட்பதா என்று முடிவெடுக்க முடியும்.

#11 நெடும்புல்

அப்படியானால் ஜோன் கன்?

#12 ஆலா

நிலையான நேரத்துக்கு ஒரு தடவை தானாக வெடிக்கும்படி விட்டுவைத்தால் சில நாட்களில் புறா அதன் குழாய் மேலேயே உட்காரும். கன் பயன்பட வேண்டுமானால் மூன்று நிபந்தனை: இரண்டு மூன்று நாளுக்கொரு முறை இடம் மாற வேண்டும், தொலைஇயக்கி மூலம் பறவை இருக்கும்போது மட்டும் வெடிக்க வேண்டும், அதனோடு ஆள் கையால் கொடுக்கும் வெடியும் அவ்வப்போது சேர வேண்டும். கேஸ் சிலிண்டர் மாற்றவும் இடம் நகர்த்தவும் ஆள் இல்லாத இடத்தில் கூடுதல் கன் வாங்குவதை விட, ஒரு ஜீப்பும் பயிற்சி பெற்ற இரண்டு பேரும் மேல்.

அபய ஒலி, அதாவது ஆபத்தில் சிக்கிய பறவை எழுப்பும் குரலின் பதிவு, பற்றியும் சொல்கிறேன். ஒரே இனத்தின் ஒலியாக இருக்க வேண்டும். ஜீப்பை 100 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஒன்றரை நிமிடம் வரை ஒலிக்க விடுங்கள். முதலில் கூட்டம் எழும்பி ஒலியை நோக்கியே வரும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் கெடுகிறது. வந்து வட்டமிட்டுப் பிறகு விலகும், விலகும் தருணத்தில் ஒரு வெடி. மைனா, காக்கை, கொக்கு வகைகளுக்கு இது பயன்படும். புறாவுக்கு அபய ஒலியே கிடையாது. பருந்துக்கு நம்பக்கூடிய பலன் இல்லை.

பச்சை லேசர் அந்தியிலும் விடியலிலும் மட்டும், எப்போதும் தரையை நோக்கிக் கீழே, கோபுரமும் விமானமும் இல்லாத திசையில்.

பறவை தானாக விலகிவிடும் என்று நம்புபவர்களுக்கு: 2015-ல் அமெரிக்காவில் ஒரு சிறு பறவை இனத்தை வைத்துச் சோதித்தார்கள். நெருங்கும் வாகனம் எவ்வளவு வேகம் என்று அது கணிக்கவில்லை, எவ்வளவு தூரம் என்றே பார்த்தது. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போனால் அந்தக் கணக்கு பொய்த்தது. மேலெழும் விமானம் அதைப் போல இரு மடங்கு வேகம்.

#13 வரப்பு

பருந்துக்கு வருவோம், இந்த நிலையத்துக்கு அதுதான் முதல் வரி. பருந்து ஓடுபாதைக்காக வரவில்லை, கோழிக்கடைக் கழிவுக்காக வருகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் தரை சூடானதும் வெப்பக் காற்றில் ஏறி வட்டமிடும். ஜீப்பில் போகிறவரின் வெடி அந்த உயரத்துக்கு எட்டாது.

விமான விதிகள் 1937, விதி 91-ன்படி நிலையத்தின் மையக் குறிப்புப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் விலங்கு அறுப்பதும், பறவையை இழுக்கும் கழிவைக் கொட்டுவதும் தடை. இறைச்சிக்கடை, மீன்கடை, உணவகக் கழிவு எல்லாம் அதில் வரும். பன்னாட்டு வழிகாட்டுதலில் பறவையை ஈர்க்கும் இடங்களைக் கணக்கெடுக்க 13 கிலோமீட்டர் வட்டம் சொல்கிறார்கள். இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், மூன்று பாகைச் சரிவில் இறங்கும் விமானம் 10 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,750 அடியிலும், 13 கிலோமீட்டரில் 2,300 அடியிலும் இருக்கும். மோதல்களில் மிகப் பெரும்பான்மை 2,000 அடிக்குக் கீழேதான். உங்கள் குப்பைமேடு ஏழு கிலோமீட்டரில், அதுவும் அணுகுபாதையின் நேர்கீழே இருந்தால், விமானம் அதைத் தாண்டும்போது 1,200 அடிக்குப் பக்கம். பருந்து சுற்றும் உயரமும் அதுவே.

சென்னையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ஓடுபாதைக்கு அடியிலேயே அடையாறு ஓடுகிறது. பெருங்குடிக் குப்பை வளாகமும், 2022-ல் ராம்சர் இடமாக (பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணைச் சதுப்பும் 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. சதுப்பை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அங்குள்ள பறவை பெரும்பாலும் அங்கேயே மேய்ந்து அடையும். குப்பைக்கும் சதுப்புக்கும் அடைமரத்துக்கும் இடையே பறக்கும் கோடு எங்கே அணுகுபாதையை வெட்டுகிறது, எந்த மணியில், எந்த உயரத்தில் என்பதே எடுக்க வேண்டிய கணக்கு.

கழிவு விஷயத்தில் மிரட்டல் நோட்டீசு மட்டும் பலன் தராது. கடைக்காரருக்குக் கழிவை எங்கே கொடுப்பது என்று ஒரு வழி வேண்டும்: மூடிய டிரம், நாள்தோறும் மாலை ஒரு வண்டி, நேரம் தவறாமல். ஞாயிறு மதியம்தான் கழிவு உச்சம், வண்டி ஞாயிறு விடுமுறை என்றால் எல்லாம் பாழ். கடைவாரியாகப் பட்டியல் எடுத்து, மாவட்ட நிர்வாகமும் உள்ளாட்சியும் உட்காரும் சுற்றுப்புறக் குழுவில் வையுங்கள். அதே கூட்டத்துக்குப் பருந்து எண்ணிக்கையையும் கொண்டுபோங்கள், ஒவ்வொரு கடைத் தெருவுக்கும் தனித்தனியாக.

#14 தென்கரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மத்தளை விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. புந்தல ஈரநிலம் பக்கத்தில், சுற்றிலும் காடும் குளமும். திறந்த சிறிது காலத்திலேயே பறவை மோதல் பெரிய பிரச்சினையாகிவிட்டது. மயில், மான், எருமை என்று ஓடுபாதைக்குள் வரும் விலங்குகளைத் துரத்தப் பின்னாளில் படையினரையும் பொலிசாரையும் நூற்றுக்கணக்கில் இறக்க வேண்டி வந்தது. இடம் தெரிவு செய்யும்போது ஒரு முழு ஆண்டுப் பறவைக் கணக்கு எடுக்கவேணும். ஓடுபாதை போட்ட பிறகு துரத்துவது வாழ்நாள் செலவு.

மயிலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. ஆண் மயில் ஐந்து கிலோ வரும். விசிறித்தகடு அண்ணை சொன்ன மிகப் பெரிய சோதனைப் பறவையே 3.65 கிலோ.

#15 கூகை

சரியாகச் சொன்னீர்கள். தமிழகத்திலும் மயில் பெருகிவிட்டது. பதிவில் பூச்சியமாக இருந்தாலும் ஆலன் கட்டத்தில் மயிலுக்கு ஒரு வரி வேண்டும், நடந்த மோதலை மட்டும் எண்ணினால் அது விடுபடும். வேலிக்குள் பார்த்த எண்ணிக்கையை வைத்து நிரப்புங்கள். மயில் வெடிக்கு நகரும், சிறிது நேரத்தில் திரும்பும். சீமைக்கருவேலம் புதரை வேரோடு எடுப்பது, வேலிக்கடியில் மண் அரித்த இடைவெளியை அடைப்பது, வடிகால் வாய்க்குக் கம்பி போடுவது ஆகியவைதான் நிற்கும் வேலை. தேசியப் பறவை, கடுமையான சட்டப் பாதுகாப்பு உள்ளது. பிடித்து விடுவதானாலும் முட்டையைத் தொடுவதானாலும் வனத்துறை எழுத்து அனுமதி முதலில்.

வடிகால் பேச்சு வந்ததால்: மழை நின்று 48 மணி நேரத்துக்குள் நிலையத்துக்குள் தேங்கிய நீர் வடிய வேண்டும். அதற்கு மேல் நின்றால் தவளை, மீன்குஞ்சு, பின்னால் கொக்கு. வடியாத குட்டைக்கு வலை அல்லது மிதக்கும் பந்துகள்.

#16 கோபுரக்குரல்

2024 டிசம்பர் 29 தென்கொரியா முவான் விபத்தை இங்கே சேர்க்க வேண்டும். 179 பேர் இறந்தார்கள். முதற்கட்ட அறிக்கைப்படி இரண்டு எஞ்சினிலும் பைக்கால் கிளுவை வாத்தின் இறகும் ரத்தமும் இருந்தன. அது அரைக் கிலோகூட இல்லாத வாத்து, ஆனால் பெருங்கூட்டமாகப் பறப்பது. விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மோதியது, கான்கிரீட் வைத்துக் கட்டிய ஆன்டெனா மேட்டில். மதிப்பீட்டில் ‘கடுமை’ என்று எழுதும்போது பறவை எஞ்சினை என்ன செய்யும் என்பதோடு நிற்கக் கூடாது. ஓடுபாதை முனைக்கு அப்பால் என்ன கட்டி வைத்திருக்கிறோம் என்பதும் அதே பக்கத்தில் வர வேண்டும். கொரியா அதன் பிறகு எல்லா விமான நிலையத்துக்கும் பறவை ராடாரும் வெப்பக் கேமராவும் வைப்பதாக அறிவித்தது. ராடார் இரவையும் 1,000 அடிக்கு மேலேயும் காட்டும், இனத்தைக் காட்டாது. எண்ணும் ஆளின் வேலை அப்படியே இருக்கும்.

#17 நெடும்புல்

மிக உதவியாக இருந்தது. பருந்து, மயில், கூட்டப் பறவைகள் மேலே, ஆள்காட்டி நடுவில் என்று வரிசை மாறுகிறது. ஜோன் கன் பணத்தைக் கழிவு வண்டிக்கும் மாதிரிப் பொட்டலத்துக்கும் மாற்றக் கேட்கலாம். ஒன்றே ஒன்று: பழைய ‘இனம் தெரியாதது’ வரிகளை என்ன செய்வது? மற்ற இனங்களுக்கு விகிதப்படி பிரித்துவிடலாமா?

#18 ஆலா

வேண்டாம். சின்னப் பறவை கறையாகவே போய்விடும், பருந்து இறகை விட்டுவைக்கும். ஆகவே தெரியாதவற்றில் சின்னவை கூடுதலாக இருக்கும், விகிதப்படி பிரித்தால் பருந்துக் கணக்கு ஊதிவிடும்.

தனி வரியாகவே வைத்து நாலாகப் பிரியுங்கள்: பகல், இரவு, நிலையத்துக்குள், வெளியே. உள்ளே என்பதற்குப் பன்னாட்டுப் பதிவு முறையின் அளவு, இறங்கும்போது 200 அடி வரை, ஏறும்போது 500 அடி வரை. மூன்று பாகைச் சரிவில் 200 அடி என்பது தொடுபுள்ளியிலிருந்து 1.2 கிலோமீட்டர்தான், உங்கள் ஜீப்பும் புல்லும் வடிகாலும் பொறுப்பேற்க வேண்டிய பகுதி அது. இரவு, உள்ளே என்று விழுபவை கூகை, ஆள்காட்டி, வௌவால் பக்கம். பகல் பத்து மணிக்கு மேல், வெளியே, சேதத்தோடு என்று விழுபவற்றைப் பருந்து வரிக்குப் பக்கத்தில் வையுங்கள், சேர்த்துவிடாதீர்கள்.

விமான நிறுவனங்களின் பராமரிப்புப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ‘தெரியாதது’ என்று வந்த மோதலுக்கு அவர்கள் எஞ்சின் பிரித்தபோது இறகு கிடைத்துப் பையில் போட்டு வைத்திருக்கக் கூடும். காய்ந்த இறகு பல ஆண்டு கழித்தும் இனம் சொல்லும்.